பிச்சுமணி ஐயரின் மச்சினன்

"எனக்கு ஒண்ணும் இல்லை டாக்டர். என் மச்சினனுக்காக்கும்."

டிஸ்பென்சரி வாசற்படிக்கு வெளியே குடையைப் பிடித்துக்கொண்டு நின்றபடியே சொன்னார் பிச்சுமணி ஐயர். வைகாசிப் பாதியில் தொடங்குகிற இடவப்பாதி மழை விடாமல் பிடித்திருந்த ஒரு மத்தியானம். காலை நோயாளிகள் எல்லாரும் போய்விட்டார்கள். நான் நேந்திரங்காய் வறுவலைக் கொறித்துக்கொண்டிருந்தேன். எண்ணெய்ப் பலகாரம் கூடாது என்று ஊருக்கெல்லாம் சொல்லுகிற வாய் அது. டப்பாவை மேஜை இழுப்பறைக்குள் தள்ளிவிட்டு நிமிர்ந்தேன்.

பிச்சுமணி ஐயர் கரமனை அக்கிரகாரத்துக் கல்யாணச் சமையல்காரர். திருவனந்தபுரத்தில் பிராமண வீடுகளில் பெண் பார்த்து முடிந்ததும், முகூர்த்தத்துக்கு நாள் குறிக்கும் முன்பு, அவருக்கு அந்த நாள் ஒழிவு உண்டா என்று ஆள் அனுப்பிக் கேட்பார்கள். நல்ல ஆகிருதி. அடுப்புப் புகையில் எப்போதும் சிவந்திருக்கும் கண்கள். பேச்சு மட்டும் அந்த உடம்புக்குச் சம்பந்தமில்லாமல் மெதுவாக வரும்.

"உள்ளே வாங்க சாமி, நனையாதீங்க. மச்சினனுக்கு என்னவாக்கும்?"

குடையை மடக்கிவிட்டு உள்ளே வந்து முக்காலியில் உட்கார்ந்தார்.

"அவன் அம்பாசமுத்திரத்துல தாலுக்கா கச்சேரி குமாஸ்தா. தொடையில ஒரு தேமல் மாதிரி இருக்கு. வெள்ளி ரூபா அகலம் இருக்கும். ஏதாவது களிம்பு குடுத்தேள்னா, அங்கே போற ஆள் கிட்டக் குடுத்தனுப்பிச்சுடுவேன்."

தேமல்தானே என்று நானும் அலமாரியைத் திறந்து களிம்பை எடுத்துவிட்டேன். டப்பியில் வழிக்கப் போகும்போதுதான், வழக்கமாகக் கேட்கிற நாலு கேள்வியைக் கேட்டு வைப்போம் என்று தோன்றிற்று. அதற்குப் போகும் முன்பு, அந்தக் காலத்து நோயாளிகளைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். இல்லாவிட்டால் பிச்சுமணி ஐயர் செய்தது உங்களுக்கு விசித்திரமாகப் படும்.

வக்காலத்து நோயாளிகள்

இப்போதெல்லாம் தலைவலி வந்தவன் தன் தலையைத் தானே தூக்கிக்கொண்டு டாக்டரிடம் வருகிறான். அன்றைக்கு அப்படி இல்லை. நோய் ஒருவருக்கு இருக்கும், அவருக்காகப் பேச இன்னொருவர் வருவார். வக்கீலிடம் வக்காலத்து கொடுப்பதுபோல நோயைக் கொடுத்து அனுப்புவார்கள்.

பெண்கள் வருவது அபூர்வம். "ஆத்துல சுகமில்லை" என்று புருஷன் வந்து நிற்பார். ஆத்தில் என்றால் மனைவிக்கு என்று பொருள். என்ன சுகமில்லை என்று கேட்டால், "வயத்துல வலி" என்பார். சாப்பிட்ட பிறகா, சாப்பிடும் முன்பா என்று கேட்டால் விழிப்பார். "கேட்டுண்டு வரேன்" என்று கரமனைக்கு நடப்பார். திரும்பி வந்து, "சாப்பிட்டப்புறமாம்" என்பார். வலது பக்கமா, இடது பக்கமா என்று கேட்பேன். மறுபடியும் நடை. இப்படி ஒரு ஹைகோர்ட் வக்கீலை நான் ஒரே காலையில் பல தடவை நடக்கவிட்டேன். கடைசியில் அவருக்கே முழங்கால் வலி வந்து அதற்கும் மருந்து வாங்கிக்கொண்டு போனார்.

நாயர் வீடுகளில் இது வேறு மாதிரி. மூத்த தாய்மாமனான காரணவர் ஒருவர் வந்து, தறவாடு என்கிற கூட்டுக் குடும்பத்தில் உள்ள அத்தனை பேருடைய நோயையும் மொத்தமாகச் சொல்லுவார். மருமகனுக்குப் பூச்சி, சகோதரிக்குக் கிறுகிறுப்பு, கொச்சுக் குழந்தைக்குச் சிரங்கு. எல்லாம் சொல்லி முடித்ததும், யாருக்கு எது என்று அவருக்கே குழம்பிவிடும். "எல்லாத்துக்கும் சேர்த்து ஒரு பெரிய குப்பியில தந்நால் மதி" என்றார் ஒருவர். மதி என்றால் போதும். எனக்கு வந்த கோபத்தில், வீட்டுக் கிணற்றிலேயே மருந்தைக் கலக்கிவிடட்டுமா என்று கேட்டேன். அவர் அதையும் யோசித்துப் பார்த்தார்.

தூளும் குளியலும்

நான் விளவங்கோட்டுப் பக்கத்து ஆள். வேதக்காரன், அதாவது கிறிஸ்தவன். மதராஸில் டாக்டருக்குப் படித்துவிட்டு, பழவங்காடியிலிருந்து சாலைக் கடைத்தெருவுக்குப் போகிற வழியில், ஒரு சந்தில் டிஸ்பென்சரி வைத்திருந்தேன். என் மதம், என் சாதி இரண்டுமே அக்கிரகாரத்துக்கு ஒத்துவராதவை. ஆனாலும் அக்கிரகாரத்துக்காரர்கள் என்னிடம்தான் வந்தார்கள். கைராசி என்று சொல்லிக்கொண்டார்கள். அந்தக் கை பட்டதும் குளித்தார்கள்.

என் டிஸ்பென்சரித் தண்ணீர் கலந்த மருந்து அவர்களுக்கு ஆகாது. பட்டணத்தில் குழாய்த் தண்ணீர் வந்த புதிது. குழாய்க்குள்ளே தோல் வளையம் இருக்கிறதென்று யாரோ கிளப்பிவிட்டார்கள். அதனால் தூளாகத்தான் கொடுக்க வேண்டும். வீட்டுக் கிணற்றில் மடியாக இறைத்த தண்ணீரில் அவர்களே கலக்கிக் குடிப்பார்கள். என் கம்பவுண்டர் குட்டன் பிள்ளை காலை முழுதும் தூள் இடித்து இடித்து, அவனுக்குத் தோள் ஒரு பக்கம் தாழ்ந்தே போயிற்று.

உங்களுக்குக் கோபம் வராதா என்று கேட்பீர்கள். வராமல் என்ன? ஒரு சாஸ்திரிகளுக்கு நல்ல காய்ச்சல். நாடி பார்த்துவிட்டுக் கையை எடுத்தேன், மனிதர் நேரே கிணற்றடிக்கு நடந்தார். "இந்தக் காய்ச்சலோட குளிச்சா செத்துப்போவீங்க. பிறகு ஊரே கூடி உங்களைக் குளிப்பாட்டும், பரவாயில்லையா?" என்று கத்தினேன். அவர் நின்று யோசித்து, "வேஷ்டி மாத்திண்டு கால் அலம்பினா போறும்னு ஒரு வழி இருக்காக்கும்" என்றார். அந்த வழியை முதலிலேயே தேடியிருக்கலாம். ஆனால் அன்று முதல் அவர் எனக்கு நல்ல சிநேகிதர்.

கேட்டுக்கொண்டு வராத மனிதர்

பிச்சுமணி ஐயரிடம் வருவோம்.

"அந்தத் தேமல் எவ்வளவு காலமா இருக்கு?"

"விஷு கழிஞ்சு பாத்தான்."

"அரிப்பு உண்டா?"

"இல்லவே இல்லை."

"வெயில்ல, அடுப்பங்கரையில நின்னா அந்த இடம் வேர்க்குமா?"

"சுத்தியும் வேர்க்கும் டாக்டர். அங்கே மாத்திரம் வேர்க்காது."

எனக்குக் கை நின்றுவிட்டது. வக்காலத்து நோயாளி யாராக இருந்தாலும் இந்த இடத்தில், "கேட்டுண்டு வரேன்" என்று எழுந்திருக்க வேண்டும். தன் மனைவிக்கு எந்தப் பக்கம் வலிக்கிறது என்று தெரியாதவர்கள் நிறைந்த ஊரில், இவருக்கு அம்பாசமுத்திரத்தில் இருக்கிற மச்சினன் தொடையில் வேர்க்கிறதா இல்லையா என்று தெரிந்திருக்கிறது.

"தொட்டாத் தெரியுதாமா?" என்று கேட்டேன்.

பிச்சுமணி ஐயர் வெளியே மழையைப் பார்த்தார். "நெய் காயறச்சே தெறிச்சுதாம் டாக்டர். தெறிச்சதே தெரியலையாம். கொப்புளம் கிளம்பினதைப் பாத்துத்தான் தெரிஞ்சுதாம்."

கச்சேரியில் பேனா பிடிக்கிற குமாஸ்தாவின் தொடையில் காயும் நெய் எப்படித் தெறித்தது என்று நான் கேட்கவில்லை. களிம்பு டப்பியை மூடி அலமாரியில் திரும்ப வைத்தேன்.

அந்த நோயின் பெயர் உங்களுக்கு இதற்குள் தெரிந்திருக்கும். அந்த அறையில் நாங்கள் இருவரும் ஒரு நாளும் அதைச் சொன்னதில்லை. இப்போது சொல்லுகிறேன், குஷ்டம். அன்றைக்கு அந்தச் சொல் ஒருவன் மேல் விழுந்தால் எழுந்திருக்கவே முடியாது. சாலைக் கடைத்தெருவில் ஒரு பலகாரக் கடைக்காரரை எனக்குத் தெரியும். முழங்கையில் ஒரு வெளுப்பை யாரோ பார்த்துச் சொல்லிவிட்டார்கள். மறுநாள் கடையில் ஈ மட்டும்தான் இருந்தது. அந்த வாரமே மனைவி பிள்ளைகளோடு அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டாள். பிறகு அவர் கோயில் குளக்கரையில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தேன். கூப்பிட்டேன், திரும்பவில்லை.

பிச்சுமணி ஐயர் ஊருக்கே சோறு வடிக்கிறவர். வீட்டில் மனைவியும், கல்யாண வயதை எட்டுகிற ஒரு பெண்ணும். இது வெளியே தெரிந்தால் அவருக்கு அடுப்பும் இல்லை, வீடும் இல்லை. தெரியாமல் விட்டால் விரல்கள் போகும். ஆரம்பத்தில் பிடித்தால் நிறுத்தலாம். ஆனால் நேராக, "உங்களுக்குத்தான் சாமி" என்று நான் சொன்னால், அந்த வாசற்படியைத் தாண்டி அவர் மறுபடி வரமாட்டார். அது எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது.

ஊசியை ஆள் வசம் அனுப்ப முடியாது

"களிம்பு கேக்காது சாமி. வாரா வாரம் ஊசி போடணும். மச்சினனை இங்கே வரச் சொல்ல முடியுமா?"

"அவனுக்கு லீவு கிடைக்காது டாக்டர். மேலே இருக்கறவன் ஒரு மாதிரி."

"அப்ப அவனுக்கு வேண்டி நீங்கதான் ஊசி போடக் கத்துக்கிடணும். அந்த ஊருக்குக் கல்யாணம் காட்சின்னு போவீங்கல்லா, அப்பப் போட்டுவிடலாம்."

"நானா? எனக்குத் தெரியுமோ?"

"அண்டா அண்டாவாப் பாயசத்தை இறக்குற கை. இது தெரியாமப் போகுமா? ஆனா ஒண்ணு. அது உடம்புல எப்படி இறங்கும்னு முதல்ல உங்களுக்குத் தெரியணும். அதனால உங்களுக்குப் போட்டுக் காட்டுறேன்."

இதைவிட மட்டமான பொய்யை நான் சொன்னதில்லை. முகத்தை மட்டும் வைத்தது வைத்தபடி வைத்திருந்தேன். பிச்சுமணி ஐயர் என்னையே பார்த்தார். சமையல்காரர் என்றால் முட்டாளா என்ன? உலையில் அரிசி எப்போது வேகும் என்று சத்தத்திலேயே தெரிந்துகொள்கிற மனிதர்.

"எந்த இடத்துல?" என்று கேட்டார்.

"மச்சினனுக்கு எங்கே இருக்கோ, அங்கேதான்."

அவரே எழுந்து போய் உள் கதவைச் சாத்தினார். திரும்பி வந்து, முகத்தைச் சுவர்ப்பக்கம் வைத்துக்கொண்டு, வேட்டியை ஒதுக்கினார். அங்கே இருந்தது. செம்பு நிறத்தில், ஓரம் கொஞ்சம் தடித்து, நடுவில் நெய் தெறித்த வடு.

"கண்ணை மூடிக்கிடுங்க சாமி. பஞ்சு வச்சுத் தொடுவேன். படும்போது சொல்லுங்க."

பஞ்சுத் திரியால் முழங்காலில் தொட்டேன். "ம்" என்றார். தேமலுக்கு வெளியே தொட்டேன். "ம்." தேமலின் நடுவில் தொட்டேன். சத்தமில்லை. மறுபடி தொட்டேன். குண்டூசியை எடுத்து மெல்லக் குத்தினேன். கண்ணை மூடிக்கொண்டு, மரியாதையான ஒரு சிரிப்போடு, காத்துக்கொண்டிருந்தார்.

கொஞ்ச நேரம் கழித்து, "என்ன டாக்டர், இன்னும் தொடலையா?" என்றார்.

குண்டூசியை மேஜையில் வைத்தேன். "இதோ" என்று சொல்லி, முழங்காலில் இன்னொரு தடவை தொட்டேன். "ம்" என்றார் திருப்தியாக.

கரண்டி

அன்றைய மருந்து மரோட்டி எண்ணெய்தான். நாட்டுப்புறத்தில் விளக்கெரிக்கிற அதே மரோட்டி. ஊசிக்கென்று அதைச் சுத்தம் செய்து குப்பியில் அடைத்து வரும். கெட்டியான எண்ணெய். வெந்நீரில் வைத்து இளக்கித்தான் ஊசிக்குள் ஏற்ற முடியும். தேமலைச் சுற்றித் தோலுக்குள் கொஞ்சம் கொஞ்சமாக இறக்க வேண்டும். எரிச்சல் உயிரை எடுக்கும். பிச்சுமணி ஐயர் பல்லைக் கடித்துக்கொண்டு, "மச்சினன் பொறுக்க மாட்டான் டாக்டர், பாவம்" என்பார்.

ஊசி போடும் முன்பே எங்களுக்குள் ஒரு சண்டை நடந்தது. காது மடலில் ஒரு கீறல், மூக்குக்குள் ஒரு சுரண்டல் எடுத்து மைக்ராஸ்கோப்பில் பார்க்க வேண்டும். அதில் கிருமி இருந்தால் மற்றவர்களுக்குப் பரவும். இல்லையென்றால் பயமில்லை. மூக்கில் எப்படிச் சுரண்டுவது என்று கற்றுக்கொள்ள அவர் சம்மதித்துவிட்டார். ஆனால் நான் பார்த்துச் சொல்லும் வரை கரண்டியைத் தொடக் கூடாது என்றதும் முகம் மாறிற்று.

"கோட்டைக்குள்ள ஒரு கல்யாணம் ஒத்துண்டிருக்கேன். வாக்குக் குடுத்தாச்சு. மச்சினனுக்குத் தீனம்னா நான் எதுக்கு டாக்டர் கரண்டியை விடணும்?"

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. "ஆயிரம் பேர் சாப்பிடுற சோறு சாமி, விளையாட்டா? மச்சினனோட ஒட்டிப் பழகுறவரு நீங்கதானே? உங்களைவிட நெருக்கமா அவன்கிட்ட யாரு இருக்கா?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார். "அது நெஜம்தான்" என்றார். "என்னை விட அவனுக்குக் கிட்ட யாரும் இல்லை."

இடுப்புப் பிடிப்பு என்று சொல்லி அந்தக் கல்யாணத்தை விட்டுக்கொடுத்தார். எனக்கும் அழைப்பு இருந்தது. எங்களைப் போன்றவர்களுக்குப் போட்ட தனிப் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டேன். அவியலில் உப்பே இல்லை. என்னால்தான் இந்தக் கஷ்டம் என்று யாரிடமும் சொல்ல முடியவில்லை.

சுரண்டியதைத் தடவிய கண்ணாடிச் சில்லைப் பகலெல்லாம் பார்த்தேன். லென்ஸைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தேன். அடுத்த வாரம் புதிதாக எடுத்து இன்னொரு தடவை பார்த்தேன். கிருமி இல்லை. தோலோடும் நரம்போடும் நிற்கிற வகை, பிறருக்கு ஒட்டாதது. "கரண்டியை எடுங்க சாமி" என்றேன். அவர் என் மேஜையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

அளியன்

இந்த நாடகத்தை முழுதும் நம்பிய ஒரே ஜீவன் என் கம்பவுண்டர் குட்டன் பிள்ளை. "தீனம் அளியனல்லே ஸாறே? குத்திவெப்பு ஸ்வாமிக்கோ?" என்று முதல் நாள் கேட்டான். மலையாளத்தில் அளியன் என்றால் மச்சினன், தீனம் நோய், குத்திவெப்பு ஊசி. ஸ்வாமி படிக்கிறார் என்றேன். மச்சினனுக்காக வாராவாரம் குத்து வாங்குகிற மனிதர் என்று அவனுக்கு ஐயர் மேல் பெரிய பக்தி வந்துவிட்டது. தன் மச்சினன்மார் யாரும் தனக்காக ஒரு முள்குத்துக்கூட வாங்க மாட்டார்கள் என்று என்னிடம் வருத்தப்பட்டான்.

வியாழக்கிழமை தோறும் உச்சி கழிந்து, தெரு அடங்கியிருக்கும் நேரத்தில் ஐயர் வருவார். ஊசி முடிந்து, போகிற வழியில் ஆற்றில் ஒரு முழுக்குப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போவார். நான் தொட்டதற்கு எப்படியும் குளிக்கத்தான் வேண்டும், எண்ணெய் வாடையும் போகும் என்று அவர் கணக்கு.

வர வர மச்சினனுக்குக் கையும் காலும் முளைத்தன. மச்சினனுக்கு இனிப்பு பிடிக்காது. மச்சினனுக்குத் தூக்கம் வருவதில்லை. மச்சினன் விரலை நெருப்பில் காட்டிக் காட்டிப் பார்க்கிறான், எல்லா விரலிலும் சுடுகிறது, ஆனாலும் பயமாக இருக்கிறதாம். "முட்டாள்தனம் பண்ண வேண்டாம்னு சொல்லுங்க அவன்கிட்ட. விரல் வேணும் அவனுக்கு" என்று நானும் அதட்டி அனுப்புவேன். "சொல்றேன் டாக்டர்" என்பார். நேருக்கு நேர் பேசியிருந்தால் இதில் பாதியைக்கூட அவர் என்னிடம் சொல்லியிருக்க மாட்டார்.

மழையெல்லாம் ஓய்ந்து, மார்கழிக் குளிர் தொடங்கிய சமயம் ஒரு வியாழக்கிழமை ஓட்டமும் நடையுமாக வந்தார். "டாக்டர், மச்சினனை எறும்பு கடிச்சுடுத்து!" என்றார். "அந்த இடத்துலயேயாக்கும்! சுரீர்னு தெரிஞ்சுதாம்!" பிள்ளை பிறந்த சேதி சொல்லுகிறவர் முகம் அப்படித்தான் இருக்கும். நான் வறுவல் டப்பாவை எடுத்து அவர் முன்னால் நீட்டிவிட்டேன். பிறகுதான், என் கைப் பண்டம் அவருக்கு ஆகாது என்று நினைவு வந்து உள்ளே வைத்தேன்.

இலை

அதற்குப் பிறகு ஒரு திங்களோ செவ்வாயோ, காலை நோயாளிகள் போன பிறகு, ஒரு பெண்மணி தனியாக வந்தார். மடிசார்க் கட்டு, நெற்றியில் பெரிய குங்குமம். துணைக்கு ஆளில்லை, வக்காலத்து இல்லை. அக்கிரகாரத்துப் பெண் ஒருத்தி அப்படி வந்து நான் பார்த்ததில்லை. எழுந்து நின்றுவிட்டேன்.

"நான் கோமதி. கரமனைப் பிச்சுமணி ஐயர் ஆத்துலேர்ந்து வரேன்" என்றார். பிறகு கேட்டார்: "என் தம்பிக்கு எப்படி இருக்கு டாக்டர்?"

அம்பாசமுத்திரத்து மச்சினன் உண்மையிலேயே இருக்கிறான் போலிருக்கிறதே என்று ஒரு நிமிஷம் எனக்குத் தலை சுற்றிற்று. "நல்லா இருக்கான் அம்மா. குணமாயிட்டு வருது" என்றேன்.

"எனக்குத் தம்பி கிடையாது. கூடப்பிறந்தவாளே கிடையாது. எங்கப்பாக்கு நான் ஒத்தைப் பொண்ணு."

நோயாளி சொன்னதை இன்னொருவரிடம் சொல்லுகிற வழக்கம் எனக்கு இல்லை, மனைவியாகவே இருந்தாலும்.

"நீங்க ஒண்ணும் சொல்ல வேண்டாம். பிள்ளையார் கோயில்ல உங்க கம்பவுண்டர் என்னைப் பாத்து, 'அம்மே, தம்பிக்குத் தீனம் குறைஞ்ஞோ'ன்னு கேட்டார். எந்தத் தம்பின்னு முழிச்சேன். வியாழக்கிழமை அவர் வேஷ்டியில மரோட்டி வாடை. எங்காத்துல மரோட்டி விளக்கே கிடையாது. எங்க ஊர் வைத்தியர் அந்த எண்ணெயை யாருக்குக் குடுப்பார்னு எனக்குத் தெரியும்."

"அம்மா..."

"அதுக்கு முன்னாடியே இலை இருக்கு" என்றார்.

அக்கிரகாரத்தில் புருஷன் சாப்பிட்டு எழுந்த இலையில் மனைவி பரிமாறிக்கொண்டு சாப்பிடுவது வழக்கம். பிச்சுமணி ஐயர் கொஞ்ச காலமாகச் சாப்பிட்டதும் இலையை மடித்து, தானே எடுத்துக்கொண்டு போய்க் கொல்லையில் எறிந்துவிட்டு வருகிறாராம்.

"கல்யாணம் ஆன நாள்லேர்ந்து அந்த இலையிலதான் சாப்பிட்டேன். முதல்ல, என் மேல என்ன கோபம்னு அழுதேன். கேட்டா பதில் இல்லை. எதிராத்து மாமி பாத்துட்டா. 'உங்களுக்குள்ள என்னடி மனஸ்தாபம்'னு கேக்கறா. இன்னிக்கு மனஸ்தாபம்பா, நாளைக்கு வேற ஏதாவது யோசிப்பா. அந்தத் தெருவுல யோசிக்கறதுக்கு ஆள் நிறைய." குரல் கொஞ்சம் தழுதழுத்தது. "சொல்லுங்கோ டாக்டர். அந்த இலையில நான் சாப்பிட்டா ஒட்டுமா? எனக்கு வந்தா வரட்டும். பொண்ணு ஒருத்தி இருக்கா, அதுக்காகக் கேக்கறேன்."

இங்கே எனக்கு ஒரு சங்கடம். எச்சில் இலையில் பெண்கள் சாப்பிடுகிற வழக்கத்தைக் கண்டித்துச் சுகாதாரக் கூட்டங்களில் மேஜையைத் தட்டிப் பேசியவன் நான். "அம்மா, அந்த வழக்கமே எனக்குப் பிடிக்காது. ஒருத்தர் எச்சில்ல இன்னொருத்தர்..." என்று தொடங்கினேன்.

"உங்களுக்குப் பிடிக்க வேண்டாம். ஒட்டுமா, ஒட்டாதா? அதை மாத்திரம் சொல்லுங்கோ."

என் பிரசங்கம் அங்கேயே நின்றது.

"மச்சினனுக்கு இருக்கிற வகை ஒட்டாது" என்றேன். "நல்லாப் பரீட்சை பண்ணிப் பாத்தாச்சு."

அவர் கண்ணை மூடிக்கொண்டார். உதடு மட்டும் அசைந்தது. பிறகு தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "அப்போ அதை அவர்கிட்ட நீங்களாச் சொல்லணும். அவரா வாயைத் திறந்து கேக்க மாட்டார்" என்றார். "நான் வந்தேன்னு தெரிய வேண்டாம். எனக்குத் தெரியக் கூடாதுன்னு இத்தனை நாளாப் பாடுபடறார், பாவம். அதையும் ஏன் கெடுக்கணும்?"

வந்த மாதிரியே தனியாகப் போனார். அன்று என்னால் குட்டன் பிள்ளையைத் திட்டவும் முடியவில்லை, மெச்சவும் முடியவில்லை.

வியாழக்கிழமை ஐயர் வந்தார். எண்ணெயை இளக்கி ஊசி போட்டேன். இந்தத் தடவை நடுவில் குத்தியபோதும் "ஸ்" என்றார். அவர் வேட்டியைச் சரிசெய்துகொள்கிற சமயம், நான் முதுகைத் திருப்பிக்கொண்டு ஊசியைக் கழுவியபடியே கேட்டேன்.

"சாமி, மச்சினனுக்குக் கல்யாணம் ஆயிட்டுதா?"

"ஆயிடுத்து டாக்டர்."

"அப்ப அவன்கிட்ட ஒண்ணு சொல்லிருங்க. இது ஒட்டுற வகை இல்லை. பெண்டாட்டி பிள்ளையோட அவன் எப்பவும்போல இருக்கலாம். அவன் சாப்பிட்ட இலையில அவன் பெண்டாட்டி சாப்பிடலாம். ஒண்ணும் வராது."

திரும்பிப் பார்த்தேன். வேட்டி முடிச்சில் கை அப்படியே நின்றிருந்தது.

"யாராவது உங்களைக் கேட்டாளா?"

"யாரு கேக்கா? டாக்டர்னா எல்லாத்தையும் சொல்லணும்லா. முன்னாலேயே சொல்லியிருக்கணும், விட்டுப்போச்சு."

பிச்சுமணி ஐயர் முக்காலியில் உட்கார்ந்தார். அத்தனை பெரிய உடம்பு, உட்கார்ந்ததும் முக்காலி முனகிற்று. வெளியே சாலைப் பக்கமிருந்து ஒரு வில்வண்டி போகிற சத்தம் கேட்டு, மெல்ல மறைந்தது. அவர் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது, துடைக்கவில்லை.

"அப்போ இனிமே நான் இலையை மடிச்சு எறிய வேண்டாமா, டாக்டர்?" என்றார்.

"வேண்டாம் சாமி" என்றேன். "சாப்பிட்டுட்டு, அப்படியே விட்டுட்டு எழுந்திருங்க."